நாடகமும் அங்கப் பிரிவும்

நாடகம் என்றால் ஐந்து அங்கம். முதலங்கத்திலே தோற்றம், மூன்றாவதிலே உச்சம், ஐந்தாவதிலே வீழ்ச்சி என நம் மாணவர் பரீட்சைக்காக மனனஞ் செய்து வருகின்றனர். இது அரிஸ்டோட்டில் வகுத்த விதியென்பாரும் உளர். அவர் கூறியதோ தொடக்கம், நடு, முடிவு என்னும் மூன்றினையே. அங்கங்கள் ஐந்துக்குக் கூடவுங் கூடாது, குறையவுங் கூடாது என்றவர் உரோமப் புலவர் ஹொறேஸ். உச்சத்தை நடுவில் நிறுத்திக் கூம்பு வரைந்தவர், 1863இல் நூலெழுதிய ஜெர்மானியரான பிறைற்றாக். வெவ்வேறு காலத்தார் வெவ்வேறு தேவைக்காகச் சொன்னவை ஒரே சாசனமாகி நம் கைக்கு வந்துள்ளன.

ஷேக்ஸ்பியரைக் கொள்வோம். திறந்த அரங்கிலே பகலொளியில் நடந்த அவர் நாடகங்கள் இடைவேளையின்றியே ஓடின. 1608இல் அவருடைய குழுவினர் பிளாக்பிறையர்ஸ் என்னும் உள்ளரங்கைக் குத்தகைக்குப் பெற்றனர். அங்கே வெளிச்சந் தந்தவை மெழுகுதிரிகள். கரிந்த திரிகளைக் கத்தரிக்க இடையிடையே ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது; அவ்வேளையில் இசை ஒலித்தது. அங்க இடைவேளை அங்கு வேரூன்றியமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். 1623இல் வெளியான தொகுப்பிலே ‘ஹாம்லெட்’ இரண்டாம் அங்கத்துக்கு அப்பால் பிரிக்கப்படவே இல்லை. எஞ்சியதைப் பிரித்தவர்கள் பிற்காலப் பதிப்பாசிரியர்களே. நான்காம் அங்கத்தின் சிறப்பை ஆராய்க என்று வினாத்தாள் கேட்பது ஒருவகையில் அவர்களுடைய கைவண்ணத்தையே!

அவ்வாறாயின் அங்கப் பிரிவு பொருளற்றதா? அன்று. திரை விழும்போது அவையோர் ஒரு வினாவோடு விடப்படுகின்றனர். அவ்வினா எது என்பதிலேயே ஆசிரியரின் திறமும் சார்பும் வெளிப்படுகின்றன.

இப்சன் 1851 முதல் 1857 வரை நோர்வேயின் பேர்கன் நகர அரங்கிலே பணியாற்றியவர். பிரெஞ்சு ஆசிரியர் ஸ்கிறீப்பின் நாடகங்கள் பலவற்றை மேடையேற்றிய அரங்கு அது. இரகசியம், கடிதம், இறுதியில் எல்லாம் சுபம் என்ற அச்சூத்திரம் இப்சனுக்குத் தலைகீழ்ப் பாடம். 1879 டிசம்பர் 21இல் கொப்பன்ஹேகனில் அரங்கேறிய ‘பொம்மை வீடு’ அச்சூத்திரப்படியே நடக்கின்றது. நோயுற்ற கணவனைக் காப்பாற்றத் தந்தையின் பெயரிலே கள்ளக் கையொப்பமிட்டுக் கடன் பெற்றவள் நோரா. இரண்டாம் அங்கத்திலே அதனை அம்பலப்படுத்தும் கடிதம் வீட்டுத் தபாற்பெட்டியில் விழுகிறது, திறப்போ கணவனிடம். தன் வாழ்வில் எஞ்சிய மணித்தியாலங்களை அவள் எண்ண, திரை விழுகின்றது. இரகசியம் வெளிப்படுமா என்பதே அவையோரின் வினா.

மூன்றாம் அங்கத்திலே அது வெளிப்படுகிறது. கணவன் தன் மானம் போயிற்றெனச் சீறுகிறான். கடன் பத்திரம் திரும்பி வந்ததும், தான் தப்பினேன் என்று துள்ளுகிறான். ஸ்கிறீப்பாயின் அங்கேயே திரையை இறக்கியிருப்பார். இப்சனோ நோராவை வேடவுடை களைந்து மேசைமுன் அமர்ந்து பேச வைக்கின்றார். பழைய வினா விடைபெற்ற கணத்திலே, இந்த மணவாழ்வு எத்தகையது என்ற புதுவினா எழுகின்றது. அதே பேச்சை முதலங்கத்திலே பேசியிருந்தால் அது வெறும் பிரசங்கமாய் முடிந்திருக்கும். நம்மவர் நாடகங்கள் சிலவற்றிலே முதற் காட்சியிலேயே தொழிலாளி மேடைப் பேச்சாளனாகி விடுகிறான். கருத்தோடு நமக்குப் பிணக்கில்லை. கேட்பதற்கு அவையோரை எவரும் ஆயத்தஞ் செய்யவில்லை என்பதே குறை.

இந்த இறுதிப் பேச்சின் வலிமையை முதலாளித்துவ அரங்கு உடனே உணர்ந்துகொண்டது. 1880இல் ஜெர்மனியிலே நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-றாபே, தான் பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்று அம்முடிவை நடிக்க மறுத்தார். அங்கே நூலுக்குச் சட்டப் பாதுகாப்பில்லை. பிறர் சிதைப்பதிலும் தாமே சிதைப்பது மேலென எண்ணிய இப்சன், பிள்ளைகளின் அறைவாயிலிலே நோரா தளர்ந்து விழுவதாக வேறொரு முடிவு எழுதிக் கொடுத்தார். அதனைக் காட்டுமிராண்டித்தனம் என்று தாமே கண்டித்தார். முந்திய இரண்டு அங்கங்களிலும் மாற்றம் வேண்டப்படவில்லை. இறுதிச் சில வரிகள் போதுமாயிருந்தன, நோராவை மீண்டும் வீட்டுக்குள் அடைக்க. அம்முடிவு நிலைக்கவில்லை. இன்றும் மேடைகளிலே அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறாள்.