ஆன்டிவைரஸுக்குத் துணைக்கு ஒரு ஆள் - கொஞ்சம் கொசுவத்தி

சித்தி பையன் புது லேப்டாப் வாங்கிட்டு போன வாரம் போன் பண்ணான். "அண்ணே, விண்டோஸ்லயே டிஃபெண்டர் இருக்கு. அது போதுமா, இல்ல கூட மால்வேர்பைட்ஸ் மாதிரி ஏதாச்சும் போடணுமா?"

ஒரு வரில பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம். நான் அரை மணி நேரம் கொசுவத்தி சுத்திட்டேன். பாவம் பையன், நடுவுல ரெண்டு தடவை "ம்" மட்டும் சொன்னான். அவன்கிட்ட சொன்னதும், அவன் தப்பிச்சு ஓடினதால சொல்லாம விட்டதும் இங்கே. நீங்களாவது முழுசாப் படிங்க மக்களே :-)

அவன் கேட்டதுக்குள்ளயே இன்னொரு கேள்வி இருக்கு. ஆன்டிவைரஸ்னு ஒண்ணு இருக்கும்போது ஆன்டி-மால்வேர்னு தனியா இன்னொண்ணு ஏன் பிறந்துச்சு? "ஆன்டிவைரஸால எல்லாத்தையும் பிடிக்க முடியாது, அதான்" என்று பொதுவாகச் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனா என் கணிப்புல பாதிக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, வக்கீல் நோட்டீஸ்.

1986ல லாகூர்ல ரெண்டு சகோதரர்கள் எழுதின பிரெய்ன் வைரஸ் பிளாப்பி வழியா ஊர் சுற்றினப்போ, அது வேண்டாத விருந்தாளி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 2000 மே மாசம் பிலிப்பைன்ஸ்ல இருந்து கிளம்பின 'ஐ லவ் யூ' புழுவும் அப்படித்தான். கேட்காம வந்துச்சு, தன்னைத்தானே நகல் எடுத்துச்சு, ஃபைலை நாசம் பண்ணுச்சு. "என் சரக்கை ஏன் அழிச்சே?" என்று வைரஸ் எழுதினவன் கோர்ட்டுக்கு வரமாட்டான். வந்தா அவனே மாட்டுவான். அதனால ஆன்டிவைரஸ் கம்பெனிக்கு அழிக்கறதுல தயக்கமே கிடையாது.

அதே காலத்துல வேற ஒரு ஜாதி சரக்கு கிளம்புச்சு. காஸா மாதிரி பாட்டு இறக்குற மென்பொருளைப் போட்டா, கூடவே நாலு பேர் ஏறி வருவாங்க. இதுல புகழ்பெற்றவர் கேட்டர். பாஸ்வேர்டை ஞாபகம் வச்சுக்கிட்டு படிவத்தை நிரப்பித் தர்ற நல்லவர் மாதிரி வருவார். நீங்க எந்தத் தளத்துக்குப் போறீங்கன்னு பார்த்து அதுக்குத் தக்கபடி விளம்பர ஜன்னலைத் திறந்துவிடுவார். ஊதா கலர் குரங்கு ஒண்ணு கூட இருந்துச்சு, பான்ஸி படின்னு. பேசும், பாடும், ஜோக் சொல்லும். 2004ல அமெரிக்க வர்த்தக ஆணையம், சின்னப் பசங்க விவரங்களைப் பெற்றோரைக் கேட்காம வாங்கினதுக்கு அதைத் தயாரிச்ச கம்பெனிக்கு 75,000 டாலர் அபராதம் போட்டுச்சு.

இவங்க யாரும் திருட்டுத்தனமா சுவர் ஏறிக் குதிக்கலை, நாமதான் கதவைத் திறந்து விட்டோம். இன்ஸ்டால் பண்ணும்போது வருமே ஒரு நீள ஒப்பந்தம், அதுக்குள்ள எங்கேயோ "விளம்பரம் காட்டுவோம்" என்று எழுதியிருக்கும். நாம 'ஒப்புக்கொள்கிறேன்' அமுக்கியிருப்போம். அப்ப அவங்க வைரஸ் இல்லை, அழைச்சு வந்த விருந்தாளி! ஆன்டிவைரஸ்காரர் கை வச்சா "என் தொழிலைக் கெடுக்கிறான்" என்று கேஸ் வரும். இது வெறும் பூச்சாண்டி இல்லை. 2003ல கேட்டர், தன்னை ஸ்பைவேர் என்று எழுதினதுக்காக பிசி பிட்ஸ்டாப் என்ற சின்ன நிறுவனத்தின் மேல அவதூறு வழக்கு போட்டுச்சு. அது சமரசத்துல முடிஞ்சு, எழுதினது நீக்கப்பட்டது. அதே வருஷம் கேட்டர் தன் பேரையும் கிளாரியா என்று மாத்திக்கிச்சு.

அதனாலதான் அந்தக் காலத்துல நம்ம டெஸ்க்டாப்புல ஆன்டிவைரஸ் பச்சை டிக் காட்டிக்கிட்டு ஜம்முனு உக்காந்திருக்கும். பக்கத்துலயே பிரவுசர்ல நாலு டூல்பார், மூணு தேடுபொறி, ஹோம் பேஜ் வேற எங்கேயோ. (நம்மூர்ல இதுக்கு மேல பென் டிரைவ் வழியா 'நியூ ஃபோல்டர்'னு ஃபோல்டர் ஐகான் போட்டு வர்ற வில்லன் வேற. அது தனிப் பதிவுக்கு ஆகும்.)

இந்த இடைவெளில நுழைஞ்சவங்க பெரிய கம்பெனிகள் இல்லை, தனி ஆட்கள். 2000ல ஸ்டீவ் கிப்சன், தன் கம்ப்யூட்டர்லயே ஒரு விளம்பர மென்பொருள் உக்காந்து வெளியே பேசிக்கிட்டு இருக்கிறதைக் கண்டுபிடிச்சு, 'ஆப்ட்அவுட்' என்று ஒரு சின்னக் கருவி எழுதினார். லாவாசாஃப்ட்டோட ஆட்-அவேர் அதே வேலையை நல்லாப் பண்ணவும், ஆட்-அவேரை எடுத்துக்கோங்கன்னு கை காட்டிட்டு அவர் ஒதுங்கிட்டார். பெருந்தன்மைதான்.

ஜெர்மனியில பேட்ரிக் கோல்லா 'ஸ்பைபாட் சர்ச் அண்ட் டெஸ்ட்ராய்' எழுதினார். இலவசம், விரும்பினா நன்கொடை. அதோட உரிமப் பத்திரத்தைப் பொறுமையாப் படிச்சவங்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். இந்த மென்பொருளை உலகத்திலேயே அற்புதமான பெண்ணுக்கு சமர்ப்பணம் பண்ணியிருப்பார். ஊர்ல எல்லாரும் ஒப்பந்தத்துக்குள்ள பொறி வைக்கிறப்போ, மனுசன் காதலை வச்சிருந்தார். யாருமே படிக்காத இடம் என்கிற தைரியம் போல :-)

ஸ்பைபாட்ல 'இம்யூனைஸ்' என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினா ஓடிக்கிட்டே இருக்காது, மெமரி தின்னாது. தெரிஞ்ச கெட்ட தளங்களோட முகவரிகளை முன்கூட்டியே தடுப்புப் பட்டியல்ல எழுதிட்டு அது பாட்டுக்குப் போயிடும். அப்பல்லாம் 256 எம்பி ராம் இருந்தாலே பெரிய விஷயம். அதுல இப்படி ஒரு காவல்காரன் வரம்தான்.

அப்புறம் ஹைஜாக்திஸ். நெதர்லாந்துக்காரர் மெரைன் பெல்லகோம் எழுதினது. இது எதையும் நல்லது கெட்டதுன்னே சொல்லாது. கம்ப்யூட்டர் ஆரம்பிக்கும்போது என்னென்ன ஓடுது, பிரவுசர்ல யார் யார் தொத்தியிருக்காங்க, எல்லாத்தையும் பட்டியல் போட்டு கையில குடுத்துடும். எதை வெட்டணும்னு முடிவு பண்றது நீங்க, இல்லாட்டி அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒரு புண்ணியவான். தப்பா டிக் பண்ணா நெட்டே போயிடும். 2007ல இதை டிரெண்ட் மைக்ரோ வாங்கிட்டாங்க.

எழுதி வைக்காத ஒரு விதியும் அப்பதான் உருவாச்சு. எப்பவும் விழிச்சிருக்கிற ஆன்டிவைரஸ் ஒண்ணே ஒண்ணு. மத்ததெல்லாம் வாரம் ஒரு தடவை நாமே கூப்பிட்டு ஓட்டி, முடிஞ்சதும் மூடி வைக்கிறது. காரணம் எளிமையானது. ஃபைலைத் திறக்கிறப்போ முதல் காவல்காரன் நடுவுல புகுந்து சோதிப்பான். அவன் சோதிக்கத் திறக்கிறதையே ரெண்டாமவன் சந்தேகப்பட்டு சோதிப்பான். ஒருத்தன் பிடிச்சு அடைச்சு வச்ச வைரஸை இன்னொருத்தன் "ஐயோ வைரஸ்"னு மறுபடி பிடிப்பான். நடுவுல உங்க வேர்டு ஃபைல் திறக்க ரெண்டு நிமிஷம்.

மைக்ரோசாஃப்ட் கதை தனி சுவாரசியம். 2004 டிசம்பர்ல ஜயன்ட் என்கிற கம்பெனியை வாங்கி, 2005 ஜனவரியிலேயே அதோட சரக்கை 'மைக்ரோசாஃப்ட் ஆன்டிஸ்பைவேர்'னு சோதனைப் பதிப்பா விட்டாங்க. இன்னிக்கு டிஃபெண்டரா இருக்கிறவரோட பூர்வாசிரமம் அதுதான். 2005 ஜூன் கடைசில ஒரு செய்தி வந்துச்சு, கிளாரியாவை (அதே கேட்டர்தான்!) மைக்ரோசாஃப்ட் வாங்கப் பேசிக்கிட்டு இருக்குன்னு. அடுத்த மாசமே சிலர் கவனிச்சாங்க: ஆன்டிஸ்பைவேர்ல கிளாரியா மென்பொருளைக் கண்டா "தனிமைப்படுத்து" என்று இருந்த பரிந்துரை "கண்டுக்காதே" என்று மாறியிருந்துச்சு. எங்க அளவுகோலைத் திருத்தினோம், எல்லாருக்கும் ஒரே நியாயம்தான் என்று மைக்ரோசாஃப்ட் விளக்கம் குடுத்துச்சு. வாங்குற பேச்சும் அப்படியே நின்னுபோச்சு. விளக்கம் உண்மையாவே இருக்கலாம். ஆனா ஒரே ஒரு காவல்காரனை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு நிறைய பேருக்கு அன்னிக்குத்தான் வயித்துல புளி கரைச்சுது.

அந்தப் புளி கரையறதுக்குள்ள சோனி. 2005 அக்டோபர் 31 அன்னிக்கு மார்க் ருசினோவிச் எழுதினார்: கடையில காசு குடுத்து வாங்கின சோனி பிஎம்ஜி பாட்டு சிடி, தன் கம்ப்யூட்டர்ல ரகசியமா ஒரு ரூட்கிட்டை இறக்கியிருக்குன்னு. நகல் எடுக்காம தடுக்கத்தான். ஆனா அது பண்ணின வேலை, பேர் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையில ஆரம்பிச்சா எந்த ஃபைலையும் விண்டோஸ் கண்ணுல இருந்தே மறைச்சுடும். அடுத்த சில நாள்லயே நிஜ வைரஸ்காரங்க தங்க ஃபைலுக்கும் அதே மாதிரி பேர் வச்சு ஓசியில ஒளிஞ்சுக்கிட்டாங்க. ஆன்டிவைரஸ் கம்பெனிகள்? கண்டுபிடிச்சது ஒரு தனி மனுசன். அவர் சொன்ன பிறகும் சிலர் அந்த மறைப்பை மட்டும்தான் எடுத்தாங்க, சோனி மென்பொருளை அப்படியே விட்டு வச்சாங்க. எழுதினவன் பெரிய இடத்துப் பிள்ளைன்னா கை நடுங்குது பாருங்க.

சரி, ரெண்டாவது ஆள் வேணும்னு எல்லாரும் தேட ஆரம்பிச்சதும் அதையே மூலதனமாக்கி ஒரு கூட்டம் வந்துச்சு. "உங்கள் கணினியில் 347 பிரச்சனைகள்!"னு சிவப்பு ஜன்னல் மின்னும், காசு கட்டினா சரியாயிடும். வின்ஃபிக்ஸர், ஆன்டிவைரஸ் எக்ஸ்பி 2008 எல்லாம் இந்தக் குடும்பம்தான். 2008 டிசம்பர்ல அமெரிக்க வர்த்தக ஆணையம் இன்னோவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனத்தின் மேல வழக்குப் போட்டப்போ, ஏமாந்தவங்க 10 லட்சத்துக்கு மேலன்னு சொன்னாங்க. 2012ல வந்த தீர்ப்புத் தொகை 16.3 கோடி டாலர். பாதுகாப்பு மென்பொருள் தேடப் போய்த்தான் இத்தனை பேரும் மாட்டினாங்க என்பதுதான் கொடுமை.

இந்தப் போலிகளைத் துரத்தினதுலதான் மால்வேர்பைட்ஸ் பேர் எடுத்துச்சு. மார்சின் கிளெசின்ஸ்கி, போலந்துல பிறந்து சிகாகோ பக்கம் வளர்ந்த பையன். பள்ளிக்கூடம் படிக்கிறப்போ வீட்டுக் கம்ப்யூட்டர்ல வைரஸ் ஏத்திட்டான். இருந்த ஆன்டிவைரஸ் கைவிரிச்சுது. முகம் தெரியாத தன்னார்வலர்கள் சொல்லித்தர, தானே சுத்தம் பண்ணி, அந்த ருசியிலேயே 2008ல கம்பெனி ஆரம்பிச்சார். சுத்தம் பண்றது இலவசம், எப்பவும் விழிச்சிருக்கிற காவலுக்குத்தான் காசு. இந்த ஏற்பாடு மேல சொன்ன விதிக்கு அச்சு அசலாப் பொருந்துச்சு. போலிகளுக்கும் இவர் மேல பயம். மால்வேர்பைட்ஸ்னு பேரைப் பார்த்தாலே திறக்க விடாது. நாம ஃபைலோட பேரை மாத்தி, மாறுவேஷத்துல உள்ள அனுப்புவோம். அது ஒரு காலம்!

ஆனா 2016 டிசம்பர்ல 3.0 பதிப்போட, இனிமே ஆன்டிவைரஸுக்கு பதிலாவே எங்களை வச்சுக்கலாம்னு அவங்களே சொல்ல ஆரம்பிச்சாங்க. துணைக்கு வந்தவர் பட்டத்துக்கு வந்துட்டார். நடைமுறையில இது எங்க இடிக்கும்னா, விண்டோஸ்ல வேற ஆன்டிவைரஸ் தன்னைப் பதிவு பண்ணிக்கிட்டா டிஃபெண்டர் மரியாதையா ஒதுங்கிடும். ரெண்டும் இருக்குன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருப்பீங்க, விழிச்சிருக்கிறது ஒண்ணுதான். மால்வேர்பைட்ஸ் அமைப்புல விண்டோஸ் பாதுகாப்பு மையத்துல பதிவு பண்ணணுமா வேண்டாமான்னு ஒரு தேர்வு இருக்கு. துணைக்குத்தான் வேணும்னா அதைப் பார்த்து அணைச்சுடணும்.

காவல்காரனே காலை வாரின கதையும் உண்டு. 2010 ஏப்ரல்ல மெக்காஃபீ விட்ட ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியோட உயிர்நாடியான ஒரு ஃபைலை வைரஸ்னு பிடிச்சு, கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆச்சு. 2018 ஜனவரி 27ல மால்வேர்பைட்ஸே ஒரு தப்பான அப்டேட் விட்டு மெமரி மொத்தத்தையும் தின்னுச்சு. காவல்காரன் எண்ணிக்கை கூடினா இந்த ஆபத்தும் கூடத்தான் செய்யும்.

வக்கீல் கதை முடியலை. ஜாங்கோ என்ற விளம்பர மென்பொருள் கம்பெனி காஸ்பர்ஸ்கி மேல போட்ட வழக்குல, 2009ல அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் காஸ்பர்ஸ்கிக்கு சாதகமா தீர்ப்பு சொல்லுச்சு. வேண்டாததுன்னு தோணுறதைத் தடுக்க உனக்கு சட்டப் பாதுகாப்பு உண்டுன்னு. கம்பெனிகளுக்கு தைரியம் வந்துச்சு. ஆனா 2016ல மால்வேர்பைட்ஸ், எனிக்மாவோட ஸ்பைஹன்டரை 'வேண்டாததாக இருக்கக்கூடிய நிரல்'னு முத்திரை குத்தினப்போ நிலைமை வேற. குத்தினவரும் குத்துப்பட்டவரும் ஒரே தொழில்! போட்டியாளரை ஒழிக்கிற நோக்கம்னு குற்றச்சாட்டு இருந்தா அந்தப் பாதுகாப்பு செல்லாதுன்னு 2019ல அதே நீதிமன்றம் சொல்லுச்சு. 2023ல மறுபடி அதே இடத்துக்கு வழக்கு வந்து, 'ஆபத்தானது'ன்னு சொல்றது வெறும் அபிப்பிராயம் இல்லை, உண்மையா பொய்யான்னு சோதிக்கக்கூடியதுன்னு வழக்கைத் தொடர விட்டாங்க. அதான் இன்னிக்கும் ஸ்கேன் முடிவுல "இருக்கக்கூடிய"ன்னு இழுத்து இழுத்துப் பேசுறாங்க.

தம்பிக்கு சொன்ன பதில்: டிஃபெண்டர் இருக்கட்டும், 2012ல விண்டோஸ் 8ல இருந்தே அது முழு ஆன்டிவைரஸ்தான். வேண்டாத நிரல்களைத் தடுக்கிற அமைப்பு 2021 ஆகஸ்ட்ல இருந்து தானாவே ஆன் ஆகி வருது, இருந்தாலும் ஒரு தடவை பார்த்துக்கோ. மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பைப் போட்டு மாசம் ஒரு தடவை கையால ஓட்டு. அவங்க சொந்தத் தளத்துல இருந்து மட்டும் இறக்கு. வேற எதுவும் வேண்டாம்.

ராத்திரி மறுபடி போன். "அண்ணே, ஓட்டினேன். மூணு காட்டுது. புது லேப்டாப்புண்ணே, எப்படி வந்திருக்கும்?"

வீடியோ இறக்க ஏதோ ஒண்ணு போட்டியாடான்னு கேட்டேன்.

"ஆமா, ஆனா நான் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் மட்டும்தான் குடுத்தேன்."