மலையகத்தில் எழுதக் கற்பித்தலும் ஆசிரியரின் அதிகாரமும்

படைப்பெழுத்துப் பயிற்சி என்பது கதை, கவிதை, நாடகம் ஆகியவற்றைப் பாடமாகப் படிப்பதோடு நில்லாமல் மாணவரே அவற்றை இயற்றப் பழகுவதைக் குறிக்கும். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகம் 1936இல் இதற்கெனத் தனிப் பட்டறை ஒன்றை நிறுவியது. மாணவரின் கைப்பிரதியைச் சக மாணவர்கள் விவாதிக்க, ஆசிரியர் அந்த விவாதத்தை நெறிப்படுத்தும் முறை அங்கிருந்தே உலகெங்கும் பரவியது. மலையகம் எனப்படும், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த இலங்கையின் மத்திய மலைநாட்டில் அத்தகைய பட்டறை எதுவும் இல்லாமலேயே 1960களில் ஓர் எழுத்தாளர் தலைமுறை உருவாகிவிட்டது. அந்தத் தலைமுறைக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தவர் யார், மாணவரின் வாக்கியத்தைத் திருத்தும் உரிமை அவருக்கு எதிலிருந்து கிடைத்தது என்பவை தனித்து ஆராயத் தக்க வினாக்கள்.

தொடக்க காலத் தோட்டப் பாடசாலையில் அந்த உரிமை இரவல் உரிமையாகவே இருந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வசதி அளிப்பதை நிர்வாகத்தின் பொறுப்பாக்கியிருந்தாலும், நடைமுறையில் அமைந்தது பெரும்பாலும் ஒரே அறையும் ஒரே ஆசிரியரும் கொண்ட, ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பள்ளிதான். வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தவர் துரை, அதாவது தோட்ட அதிகாரி. லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளருக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுத்தவர் அதே வாத்தியார். பிள்ளைகளின் முன் பிரம்புடன் நின்றவர் துரையின் முன் கைகட்டி நிற்க வேண்டியிருந்த அந்த இரட்டை நிலையில், சொந்தமாக எழுதுவதற்கு வகுப்பில் இடம் இருந்திருக்க முடியாது. பார்த்தெழுதுதலும் சொல்வதெழுதுதலுமே அங்கு எழுத்துக் கல்வி எனப்பட்டன.

இந்தச் சூழலுக்கு ஒரு விதிவிலக்காக, கொத்மலையை ஒட்டிய வட்டகொடைப் பகுதியின் மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையைக் குறிப்பிடலாம். கொழும்பு வரை சென்று படித்து, முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் பெற்ற அவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களையே நாடற்றவர்களாக்கியது. தோட்டத் தொழிலாளரின் நாட்டார் பாடல்களைத் தேடிக் கேட்டுத் தொகுக்கும் பணியையும் அவர் மேற்கொண்டார். கற்றவர் கல்லாதவரைத் திருத்துவதே எழுத்துக் கல்வி எனக் கருதப்பட்ட காலத்தில், கற்றவர் ஒருவர் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் பாடம் கேட்ட முறைமை அது. பிற்கால மலையகப் புனைகதையின் உரையாடல் மொழிக்கு எந்தப் பள்ளியையும்விட இந்தத் தொகுப்புப் பணி கூடுதலாக உதவியிருக்க வேண்டும்.

உண்மையான திருப்பம் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் நிகழ்ந்தது. (இலங்கையில் கல்லூரி எனப்படுவது பெரும்பாலும் உயர்தர வகுப்பு வரையுள்ள பாடசாலையே.) அங்கு ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கமும், உடன் பணியாற்றிய திருச்செந்தூரனும் மேடையேறிப் பேசியவர்கள், தாமே எழுதியவர்கள். ஈழத்து எழுத்தாளருக்கெனத் தமிழ்நாட்டு இதழான 'கல்கி' நடத்திய சிறுகதைப் போட்டியில் திருச்செந்தூரனின் 'உரிமை எங்கே?' பரிசு பெற்றது. இதன் விளைவு சாதாரணமானதன்று. மாணவன் தன் கதையை நீட்டிய ஆசிரியரின் கதையும் அச்சில் எல்லாரும் படித்துக் குறை சொல்லும்படி கிடந்தது. ஆகவே அவருடைய திருத்தம், தேர்வுத்தாளைத் திருத்துபவரின் கட்டளையாக அல்லாமல், அதே தொழிலில் முன்னே சென்றவரின் யோசனையாகப் பெறப்பட்டது. சிவலிங்கத்தின் செல்வாக்கு வகுப்பறைக்கு வெளியே இளைஞர் இயக்கமாகவும் விரிந்தமையால், எழுதுவதும் உரிமை கேட்பதும் அம்மாணவர்களுக்கு ஒரே காரியமாகத் தோன்றின. இதில் ஒரு குறையும் இருந்தது: ஆசிரியரின் குரல் அத்தனை உரக்க ஒலித்த இடத்தில் மாணவர் பலரின் கதைகள் மேடைப் பேச்சாக முடிந்தன.

அதே காலத்தில் திருத்தும் அதிகாரம் பற்றிய பெரும் சர்ச்சையொன்று ஈழத்துத் தமிழுலகம் முழுவதையும் பிடித்திருந்தது. பேச்சு வழக்கைக் கதையில் எழுதுவது இழிசனர் வழக்கை இலக்கியமாக்குவது என மரபுவழிப் பண்டிதர்கள் கண்டிக்க, திறனாய்வாளர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் முற்போக்கு எழுத்தாளர்களும் அதை எதிர்த்து நின்றனர். 1960களின் தொடக்கத்தில் உச்சம் கண்ட இந்த மரபுப் போராட்டம் பல்கலைக்கழக விரிவுரையாளர்களையும் இரு பக்கமாகப் பிரித்தது. மலையகத்துக்கு இது ஏட்டளவு வாதமன்று. தோட்டத்துப் பிள்ளையொருவர் தன் தாய் பெரட்டுக்குப் பிந்திப் போய் அரைப் பேர் வாங்கி வந்ததைக் கட்டுரையில் எழுதினால், காலை ஆட்கணக்கெடுப்பையும் அரைநாட் கூலியையும் குறிக்கும் அச்சொற்களை அடித்துவிடும் ஆசிரியர், எழுத்தோடு சேர்த்து அந்தத் தாயின் காலைப் பொழுதையும் அடித்துவிடுகிறார். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' போன்ற கதைகள் மலைச்சரிவின் பேச்சோடு அச்சேறிய பின்னரே, அச்சொற்களை விட்டுவைக்கும் துணிவு வகுப்பறை ஆசிரியர்களுக்கும் வரத் தொடங்கியது எனலாம்.

கல்லூரி எட்டாத இளைஞர்களுக்குப் பத்திரிகையே ஆசிரியராயிற்று. 'வீரகேசரி'யில் எஸ். எம். கார்மேகம் தோட்டப் பகுதிக்கென நடத்திய பக்கமும், மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தின் சிறுகதைப் போட்டிகளும் இவ்வகையில் முதன்மையானவை; போட்டிகளில் தேறிய கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என நூலாயின. பத்திரிகையாசிரியருக்கும் நடுவருக்கும் இருந்த அதிகாரம் கல்லூரி ஆசிரியருடையதைவிடக் கடுமையானது. ஏற்கப்படாத கதைக்குப் பெரும்பாலும் காரணம் சொல்லப்படுவதில்லை. எனினும் அந்த மௌனத்திலிருந்தும் கற்றுக்கொண்டவர்கள் இருந்தனர். போட்டிகளின் வழியே அறிமுகமான தெளிவத்தை ஜோசப், பிற்காலத்தில் 'மலையகச் சிறுகதை வரலாறு' எழுதி, தம் தலைமுறை எழுதக் கற்ற கதையைத் தாமே ஆவணப்படுத்தினார்.

இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களாக்கப்பட்டோரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தபோது வாசகரும் இளம் எழுத்தாளரும் கப்பலேறினர்; தொடர்ச்சி பல இடங்களில் அறுந்தது. மறுபுறம், 1970களில் தொடங்கித் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசுப் பொறுப்புக்கு மாறியதால் வாத்தியார் துரையின் பிடியிலிருந்து விடுபட்டு, கல்வித் திணைக்களத்தின் சுற்றறிக்கைக்குள் வந்தார். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனிய உதவியுடன் பத்தனையில் உருவான ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி, லயங்களில் பிறந்தவர்களையே பயிற்றி அதே தோட்டங்களுக்கு ஆசிரியராக அனுப்பும் வழியைத் திறந்தது. பெரட்டு என்றால் என்னவென்று மாணவரிடம் கேட்க வேண்டியிராத ஆசிரியர்கள் இவர்கள்.

ஆனால் அவர்களது அதிகாரம் இன்று வேறொரு சட்டகத்துள் இயங்குகிறது. கல்வி அமைச்சின் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் கொத்மலை வலயத்து மாணவர் எழுதும் சிறுகதை பாடசாலை மட்டத்திலிருந்து படிப்படியாக ஏறித் தேசிய மட்டத்தை அடைய வேண்டும். ஒவ்வொரு படியிலும் குறித்த நேரத்துக்குள் எழுதியதை நடுவர்கள் புள்ளியிட்டு மதிப்பிடுகின்றனர். போட்டிக்குத் தயார்படுத்தும் ஆசிரியர், பரிசு பெறக்கூடிய தொடக்கத்தையும் உருக்கமான முடிவையும் மனப்பாடமாக ஊட்ட நேர்கிறது. பழைய சொல்வதெழுதுதலிலிருந்து இது எந்த அளவுக்கு விலகியது என்பது ஐயத்துக்குரியது. ஹட்டனில் எழுதிய ஆசிரியரே எழுதக் கற்பித்தார். இன்றைய நியமனமும் பதவி உயர்வும் ஆசிரியர் எழுதுகிறாரா என்று கேட்பதில்லை. கேட்காத வரை, மாணவரின் கதைமேல் அவர் செலுத்தும் அதிகாரத்துக்குப் புள்ளித்தாளே ஆதாரமாக இருக்கும்.