காற்றல்ல, அழுத்தம்

செந்தூலில் ஒருவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு கை துவண்டு விழுந்தால், சுற்றி நிற்பவர்கள் சொல்வது: “வாதம் அடிச்சிருச்சு.” பக்கத்து வீட்டு மலாய்க்காரர் அதையே ‘ஆங்கின் அஹ்மார்’ என்பார். அதாவது செங்காற்று. சித்த மருத்துவத்தில் வாதமும் காற்றுதான். ஆங்கிலத்தின் ‘ஸ்ட்ரோக்’ என்றால் அடி. எல்லா மொழிகளும் ஒரே கதையைத்தான் சொல்லிவந்தன: வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து மனிதனை அடித்துப் போடுகிறது.

அந்தக் கதையை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர். இப்படி விழுந்து இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து, மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்ததை 1658-இல் எழுதினார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலும் இது வரலாம் என்றார். இன்றும் வகை இரண்டுதான்: அடைப்பு, கசிவு. அடைப்பே அதிகம்.

இரண்டுக்கும் பெரிய காரணம் உயர் ரத்த அழுத்தம். செந்தூலுக்கு அழுத்தம் புதிதல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே எழுந்த ரயில்வே பட்டறையில் நம் ஆட்கள் நீராவி எஞ்சின்களோடு வாழ்ந்தார்கள். பாய்லரின் முள் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். குழாய்க்குள் உப்புப் படிந்தால் கழுவ வேண்டும் என்றும் தெரியும். மனித உடம்புக்கும் அப்படியொரு அளவு உண்டு. கையில் பட்டை கட்டி, ஸ்டெதஸ்கோப்பில் ஒலி கேட்டு அதை அளக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905-இல் சொன்னார். ஆனால் அளக்கத் தெரிந்தும் உலகம் அதை நீண்ட காலம் பொருட்படுத்தவில்லை.

1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூரின் ரயில் பட்டறைமீது குண்டு போட்டன. அப்போது அந்நாட்டின் அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டின் ரத்த அழுத்தம் ஓராண்டுக்கு முன்பே 186/108. வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும் என்று பல மருத்துவர்கள் நம்பிய காலம். ஏப்ரல் 12 அன்று, கடுமையான தலைவலியைச் சொல்லிவிட்டுச் சாய்ந்தார். அப்போது அழுத்தம் 300/190. மூளையில் ரத்தக்கசிவு. வயது 63. உலகின் அதிகாரமிக்க மனிதருக்கே அன்று நல்ல மாத்திரை இல்லை. மிக உயர்ந்த அழுத்தத்தை மருந்தால் குறைத்தால் பக்கவாதமும் குறையும் என்று 1967-இல்தான் அமெரிக்க ஆய்வொன்று உறுதியாகக் காட்டியது.

இன்று அந்த மாத்திரை எளிதாகக் கிடைக்கிறது. நாம்தான் “எனக்கு ஒண்ணும் செய்யலையே” என்று நிறுத்திவிடுகிறோம். அழுத்தம் வலிக்காது என்பதுதான் சிக்கலே. சர்க்கரை, புகை, கொழுப்பு, தாறுமாறான இதயத் துடிப்பு எல்லாம் இதோடு சேர்ந்துகொள்ளும்.

காற்று என்ற பெயர் இன்னொன்றையும் செய்கிறது: நேரத்தைத் தின்கிறது. காற்றென்றால் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, காலையில் பார்க்கலாம் என்று தோன்றும். 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அடைப்பைக் கரைக்கும் மருந்தை 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலருக்கு ஊனம் குறைகிறது என்று காட்டியது. பின்னர் அந்த அவகாசம் நாலரை மணி நேரமானது. ஆனால் கசிவு உள்ளவருக்கு அதே மருந்து ஆபத்து. எது என்று வெளியே நின்று சொல்ல முடியாது, ஸ்கேன்தான் சொல்லும். அதற்கும் நேரம் வேண்டும்.

அறிகுறிகள் திடீரென்று வரும். முகம் ஒருபக்கம் கோணும், ஒரு கையோ காலோ தளரும், பேச்சு குழறும், பார்வை மங்கும், நடை தள்ளாடும், இதுவரை வராத தலைவலி வரும். “கொஞ்ச நேரத்துல சரியாயிருச்சு” என்றாலும் விடக்கூடாது. பெரிய அடைப்புக்கு முன் வரும் எச்சரிக்கையாக அது இருக்கலாம்.

999-ஐ அழையுங்கள். அழைக்கும்போதே சுவர்க்கடிகாரத்தைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?