மைசூர் மகாராஜா போட்ட ரஷ்ய இசைத்தட்டு

மறந்துபோன இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி வெளியிடுவது இன்று உலகெங்கும் நடக்கிறது. 1970, 1971-ஆம் ஆண்டுகளில் ஒரு சிகரெட் கம்பெனி நடத்திய ‘சிம்லா பீட்’ போட்டியில் வாசித்த இந்திய ராக் குழுக்களின் தட்டுகள்கூட, பல வருஷம் கழித்து வெளிநாட்டு ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்தன. சென்னைப் பையன்களின் ‘கன்ஃப்யூஷன்ஸ்’ குழுவும் அவற்றில் உண்டு. ஆனால் அதற்கும் இருபது வருஷம் முன்பே, நம்ம மைசூரின் பணத்தில் உருவாகி, மறக்கப்பட்டு, பிறகு கண்டெடுக்கப்பட்ட ஆல்பம் ஒன்று இருக்கிறது. அது ராக் இசை அல்ல, பியானோ இசை. இங்கே மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இதை அறிந்தவர்கள் குறைவு.

அந்த ஆல்பத்தை உருவாக்கியவர் ஜயசாமராஜேந்திர உடையார். 1919-இல் பிறந்த அவர், இளமையில் மேடைப் பியானோக் கலைஞராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். 1940-ஆம் ஆண்டு மார்ச்சில் தந்தையும், ஆகஸ்டில் பெரியப்பா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் காலமாக, 21 வயதில் சிம்மாசனம் ஏற நேர்ந்தது. பியானோ ஆசை அத்துடன் நின்றது. ஆனால் இசை நிற்கவில்லை. ‘ஸ்ரீவித்யா’ முத்திரையோடு தொண்ணூறுக்கும் மேற்பட்ட கர்நாடக கிருதிகளை அவர் இயற்றினார். பெரியப்பா காலத்திலேயே அரண்மனையில் கர்நாடக இசையும் மேற்கத்திய பேண்டும் சேர்ந்தே வளர்ந்தன. நம் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அந்த ஆஸ்தானத்தில் வித்வானாக இருந்துதான் சாமுண்டேஸ்வரி மீது 108 கிருதிகளைச் செய்தார். அந்த மரபில் வந்தவர் கடல்கடந்த ஒரு வித்வானை ஆதரித்ததில் ஆச்சரியம் என்ன?

அந்த வித்வான் நிக்கொலாய் மெட்னர். 1880-இல் மாஸ்கோவில் பிறந்தவர். புகழ்பெற்ற ரஹ்மானினாஃபின் நெருங்கிய நண்பர். மூன்று பியானோ கன்செர்ட்டோக்கள், 14 சொனாட்டாக்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதியவர். ரஷ்யப் புரட்சிக்குப் பின் 1921-இல் நாட்டை விட்டு வெளியேறி, 1935 முதல் லண்டனில் குடியிருந்தார். புதுமை இசை கொடிகட்டிப் பறந்த காலம் அது. பழைய பாணியை விடாத மெட்னரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் பதிப்பாளரிடமிருந்து வந்த வருமானமும் நின்றுபோயிற்று. 1942-இல் மாரடைப்பு வேறு. புலம்பெயர்ந்த கலைஞனின் கஷ்டம் எந்த ஊரிலும் ஒன்றுதான்!

இந்த நிலையில்தான் மைசூரிலிருந்து உதவி வந்தது. மகாராஜாவின் ஆதரவில் லண்டனில் ‘மெட்னர் சொசைட்டி’ உருவானது. மெட்னரின் எல்லாப் படைப்புகளையும் அவர் கையாலேயே வாசிக்கச் செய்து ஹெச்.எம்.வி. தட்டுகளில் பதிவது என்பது திட்டம். 1947-இல் பதிவு தொடங்கியது. இந்தியா சுதந்திரமடைந்து, மைசூரில் ஆட்சி மக்கள் பிரதிநிதிகள் கைக்கு மாறிய அதே வருஷம் அது. ஃபில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவோடு மூன்று கன்செர்ட்டோக்களையும் மெட்னரே வாசித்தார். 1950-இல் எலிசபெத் ஷ்வார்ஸ்கோப் பாட, அவர் பக்கவாத்தியமாகப் பியானோ வாசித்தார். மூன்றாவது கன்செர்ட்டோவை நன்றியோடு மகாராஜாவுக்கே சமர்ப்பணம் செய்தார்.

எல்லாம் பதியப்பட்டதா என்றால் இல்லை. மூன்று தொகுதிகள் மட்டுமே வந்தன. 1951 நவம்பர் 13 அன்று மெட்னர் காலமானார். இன்னும் நாலு வருஷம் தாமதித்திருந்தால் இந்தத் தட்டுகளே கிடைத்திருக்காது.

சரி, பதிந்தும் ஏன் மறந்துபோயிற்று? ருசி மாறியது ஒரு காரணம். இன்னொரு காரணம் தட்டுதான். அந்தக் காலத்து 78 ஆர்.பி.எம். தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு, நாலரை நிமிஷம்தான் பிடிக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரு கன்செர்ட்டோவைக் கேட்க, பல தட்டுகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். அத்தனை தட்டுகளையும் உறைகளில் செருகி, புத்தகம் போல பைண்டு செய்து விற்றார்கள். ‘ஆல்பம்’ என்ற பெயரே அப்படி வந்ததுதான். 1948-இல் அமெரிக்காவில் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்தது. சில வருஷங்களில் 78 தட்டுகளும் அவற்றை ஓட்டும் கருவிகளும் வீட்டுக்கு வீடு மூலைக்குப் போயின. பழைய வகைத் தட்டின் கடைசிக் காலத்தில் வெளிவந்த மைசூர் ஆல்பமும் அவற்றோடு சேர்ந்து ஒதுங்கியது.

மறுவாழ்வு மெதுவாக வந்தது. 1959 முதல் 1963 வரை மாஸ்கோவில் மெட்னரின் முழுப் படைப்புகளும் அச்சேறின. 1990-களில் ‘டெஸ்டமெண்ட்’ நிறுவனம் மைசூர் ஆல்பத்தின் பதிவுகளைக் குறுந்தகட்டில் வெளியிட்டது. நிக்கொலாய் டெமிடென்கோ வாசித்த மெட்னர் கன்செர்ட்டோக்களுக்கு 1992-இல் கிராமஃபோன் பத்திரிகையின் விருது கிடைத்தது. இன்று மெட்னரை வாசிக்க உட்காரும் எவரும், அவரே எப்படி வாசித்தார் என்று கேட்டுப் பார்க்க முடிகிறதே, அது நம்ம ஊர் ராஜா செய்த உபகாரம்.

1964 முதல் 1966 வரை சென்னை ராஜ்யத்தின் கவர்னராகவும் இருந்த உடையார் 1974-இல் மறைந்தார். அரண்மனையைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு விளக்கு அலங்காரமும் தங்க சிம்மாசனமும்தான் கண்ணில் படுகின்றன. அவர் விட்டுப்போன இந்தச் சொத்தோ காதுக்கு மட்டுமே எட்டும்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. ஒரு கலை பிழைக்க இரண்டு பேர் வேண்டும். கலைஞர் இருக்கும்போதே பதிந்து வைப்பவர் ஒருவர். கருவி மாறும்போது அந்தப் பதிவைப் புதியதற்கு மாற்றி வைப்பவர் இன்னொருவர். நம்மவர் வீட்டுப் பரண்களில் பழைய கச்சேரி, பட்டிமன்றம், பாட்டியின் தாலாட்டு என்று எத்தனையோ கேசட்டுகள் தூங்குகின்றன. அவற்றை ஓட்டும் டேப் ரெக்கார்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கின்றன. பதிந்தவர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் நம்முடையது.