அன்னபூரணி கண்ட அமெரிக்கக் கரை

நாம் அகதிகளாக மட்டுமே கடல் கடந்தோம் என்று லாச்சப்பலில் வளரும் எமது பிள்ளைகள் எண்ணிவிடலாகாது.

பர்மாவரை பாய்க்கப்பலில் வணிகம் செய்த வல்வெட்டித்துறையில், 1930ஆம் ஆண்டு வேப்பமரத்தாற் கட்டப்பட்டது 'அன்னபூரணி அம்மாள்'. நீளம் 89 அடி. முன்னர் 32 அடிப் படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். பெயர் மாறியபோதும் பாய் விரித்தவர்கள் வல்வைக் கடலோடிகளே. அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் அக்கப்பல் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலுள்ள குளொஸ்டர் என்னும் மீன்பிடி நகரை அடைந்தது.

இன்று எமது பெயர்களும் அந்நிய நாட்டுப் பத்திரங்களிற் சிதைகின்றன. கப்பலின் பழைய பெயரையேனும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.