பிள்ளைப் பேறும் புழுக்கொல்லி மருந்தும்

ஒரு வீட்டில் பிள்ளை இல்லையென்றால், நம்மில் பலர் முதலில் பெண்ணைத்தான் குறை சொல்கிறோம். கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் நடப்பவள் அவளே. ஆணின் உடலிலும் குறை இருக்கலாம், அவன் கையாளும் மருந்தே அதற்குக் காரணமாகலாம் என்று உலகுக்குக் காட்டிய வரலாறு ஒன்றை இன்று பார்ப்போம்.

வாழை, அன்னாசி முதலிய பயிர்களின் வேரைக் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் அரித்துவிடும். அவற்றைக் கொல்ல 1950களில் அமெரிக்காவில் டிபிசிபி என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. நெமகான் என்பது அதன் விற்பனைப் பெயர்களில் ஒன்று. மண்ணுக்குள் செலுத்தினால் ஆவியாகிப் பரவிப் புழுக்களை அழிக்கும். இம்மருந்தால் எலிகளின் விதைகள் சுருங்கிப்போவதை ஆய்வாளர்கள் கண்டு, 1961இல் அச்சிலும் வெளியிட்டனர். ஆயினும் மருந்தைக் கையாண்ட தொழிலாளர்களை எச்சரிப்பார் இல்லை.

1977ஆம் ஆண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் லேத்ரப் என்னும் ஊரில் இம்மருந்தைத் தயாரித்த தொழிற்சாலையின் ஆண்கள், தங்களுள் பலருக்குப் பிள்ளை பிறக்கவில்லையே என்று தமக்குள் பேசிக்கொண்டனர். விந்துச் சோதனை வேண்டும் என்று கேட்டனர். சோதித்ததில் சிலருக்கு விந்தணு மிகக் குறைந்திருந்தது. சிலருக்கு அறவே இல்லை. நெடுங்காலம் வேலை செய்தவர்களுக்கே பாதிப்பு அதிகம்.

இதில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அம்மருந்து, விந்தணுவை உண்டாக்கும் உயிரணுக்களை அழித்தது. ஆனால் இல்லற வாழ்வுக்கான ஆற்றல் பெரும்பாலோர்க்குக் குன்றவில்லை. வலியும் இல்லை. ஆகவே தமக்கு ஒரு குறை இருப்பதை அவர்களால் உணர முடியவில்லை. வேலையை விட்டபின் சிலர் தேறினர்; சிலர் தேறவே இல்லை.

1979இல் அமெரிக்கா, ஹவாய் அன்னாசித் தோட்டங்கள் நீங்கலாக, இம்மருந்தை எங்கும் நிறுத்தியது. 1985இல் அங்கும் நிறுத்த உத்தரவிட்டது. ஆனால் கோஸ்தா ரிக்கா, நிகராகுவா போன்ற நாடுகளின் வாழைத் தோட்டங்களில், கையுறையும் முகமூடியும் இன்றி இதைக் கையாண்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டனர். அவர்களின் இழப்பீட்டு வழக்குகள் பல்லாண்டுகள் நீடித்தன.

நேயர்களே! நாமும் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்கள்தாம். எல்லா மருந்தும் டிபிசிபி அன்று. வீண் அச்சம் வேண்டாம். ஆயினும் தோம்பில் உள்ளது என்ன மருந்து, அது உடலை என்ன செய்யும் என்று கேட்டறிவது நமது உரிமை. கையுறை, முகமூடி கேட்டு வாங்கி அணிவோம். வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றுவோம். மருந்து பட்ட துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

பிள்ளைப் பேறு தள்ளிப்போனால் கணவன் மனைவி இருவருமே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆணுக்கான விந்துச் சோதனை எளியது. கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. லேத்ரப் தொழிலாளர்கள் வெட்கத்தை விட்டுக் கேட்டதால்தான் உண்மை வெளிவந்தது. நம் வீட்டு ஆண்களும் கேட்கட்டும்.