விழுந்தும் விழாத கோள்

1970-களில் பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில், சில கொட்டகைகளுக்குள் ஓர் அரும்பணி நிகழ்ந்தது. விஞ்ஞானி யு. ஆர். ராவ் அவர்களின் தலைமையில், இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் அங்கே உருவாயிற்று. 360 கிலோகிராம் எடையுள்ள அக்கோளுக்குப் பண்டை வானநூற் புலவர் ஆரியபட்டரின் பெயரையே சூட்டினர். 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட் ஒன்று அதனை விண்ணில் ஏற்றியது.

சில நாட்களுக்குள்ளாகவே மின்வழங்கல் பழுதுபட்டு, விஞ்ஞானச் சோதனைகள் நின்றுபோயின. ஆயினும் கோள் விழவில்லை. காரணம் என்ன?

சுமார் 600 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு இராது என எண்ணுவோர் உளர். அது தவறு. தரையிலுள்ள ஈர்ப்பில் ஆறில் ஐந்து பங்கு அங்கும் உண்டு. கோள் பூமியை நோக்கி ஓயாது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால், விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் அது பக்கவாட்டில் விரைவதால், விழும் அளவுக்குப் பூமியின் பரப்பும் வளைந்து விலகிவிடுகிறது. அவ்வேகம் ராக்கெட் அளித்தது. அது நீடிக்க மின்சாரம் வேண்டுவதில்லை.

எனினும் அவ்வுயரத்திலும் மிக மெல்லிய காற்று உண்டு. அதன் தடையால் பாதை சிறிது சிறிதாகத் தாழ்ந்தது. 1992-இல் ஆரியபட்டா வளிமண்டலத்துள் புகுந்து மறைந்தது.

சோதனைகள் நடந்தவை சில நாட்களே. ஆனால் கோளைக் கட்டும் கலை கைவந்துவிட்டது. 1979-இல் பாஸ்கரா விண்ணேறியதே அதற்குச் சான்று அன்றோ!